பெற்றோர் இருக்கும் காலத்திலேயே

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கிருந்து தொடங்கினாலும், தெரபி நிலையத்தின் கட்டணத்திலிருந்து தொடங்கினாலும், பள்ளிக்கூடம் இடம் தர மறுத்த வருத்தத்திலிருந்து தொடங்கினாலும், உறங்காத பிள்ளையோடு இரவெல்லாம் விழித்திருந்த களைப்பிலிருந்து தொடங்கினாலும், முடிவில் அது ஒரே கேள்வியில் வந்து நிற்கக் காணலாம்: "எங்களுக்குப் பிறகு யார்?" பிள்ளைக்கு நாலு வயதாக இருக்கையில் பெற்றோர் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை. பிள்ளைக்கு நாற்பது வயதாகி, தாய்க்கு முழங்கால் வலியும் தந்தைக்கு இருதய நோயும் வந்து சேர்ந்த பிறகு அவர்கள் வேறெதையும் கேட்பதில்லை. தம் பிள்ளை தமக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்விட வேண்டும் என்று சந்நிதியில் நின்று வேண்டிக்கொள்ளும் தாய்மாரும் உண்டு. பெற்ற வயிறு இப்படி ஒரு வரத்தைக் கேட்கும்படியாக ஒரு சமூகம் தன்னை அமைத்துக்கொண்டிருக்குமானால், அந்த அமைப்பைக் குறித்து அது ஆழ்ந்து விசாரப்பட வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

ஐக்கிய நாடுகள் சபை 2007-ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, ஏப்ரல் 2-ஆம் தேதி உலகெங்கும் ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக அனுஷ்டிக்கப்படுகிறது. அன்று கட்டடங்களில் நீல விளக்கு எரிகிறது, ஊர்வலங்கள் நடக்கின்றன, வண்ணம் தீட்டும் குழந்தைகளின் படங்கள் பத்திரிகைகளில் வெளியாகின்றன. இவற்றால் விளைந்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பாராத, வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டாத ஒன்றரை வயதுக் குழந்தையைக் குறித்து, 'ஆண் பிள்ளைக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும்' என்று பாட்டிமார் சமாதானம் சொல்லிக் கொண்டே மூன்று நான்கு வருஷங்களைப் போக்கடித்த வழக்கம் இன்று குறைந்து வருகிறதென்றால், அதற்கு இந்த விழிப்புணர்ச்சியே காரணம். ஆனால் அந்தப் படங்களிலுள்ள குழந்தை குழந்தையாகவே இருந்துவிடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் முந்தைய மதிப்பீடு ஒன்றின்படி ஏறக்குறைய நூறு குழந்தைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. அந்த ஒருவர் பால்யத்தைக் கடந்து, யௌவனத்தைக் கடந்து, நரை கூடும் பருவம் வரையில் வாழப் பிறந்தவர். அவருடைய ஆயுளில் பள்ளிப் பருவம் ஒரு சிறு பகுதியே. நம்முடைய சிரத்தையோ அந்தச் சிறு பகுதியோடு நின்றுவிடுகிறது.

ஆட்டிசம் நோயன்று, மனநோயுமன்று. மூளையின் வளர்ச்சியிலேயே பிறப்பு முதல் அமைந்துவிடும் ஒரு வேறுபாடு அது. சிலர் நன்கு படித்து, உத்தியோகம் பார்த்து, தம் கருத்தைத் தாமே எடுத்துச் சொல்லி வாழ்கிறார்கள். சிலருக்கு ஆயுள் முழுவதும் குளிக்கவும் உண்ணவும்கூட ஒரு துணை வேண்டியிருக்கிறது. நான் இங்கே பெரிதும் பேசுவது இந்த இரண்டாம் வகையினரைப் பற்றி. 1943-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்த லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர், தாம் கண்ட பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையில் பெரிய தொடக்கமாகக் கருதப்படுகிறது. அக்குழந்தைகளிடம் அவர் முக்கியமாகக் குறிப்பிட்ட இயல்புகள் இரண்டு: ஒன்று, பிறரோடு ஒட்டாத தனிமை, மற்றொன்று, சூழ்ந்துள்ளவை யாவும் நேற்றிருந்தபடியே இன்றும் இருக்க வேண்டும் என்ற தீவிரமான பற்று. நாற்காலி இடம் மாறினாலும், வழக்கமான தெருவை விட்டு வேறு தெரு வழியாக அழைத்துச் சென்றாலும் அவர்கள் தாங்கொணாத கலக்கம் அடைந்தார்கள். இந்த இரண்டாவது இயல்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்தது முழுவதும் அதன்மீதே நிற்கிறது.

கானரின் கட்டுரையில் முதலாவதாகச் சொல்லப்பட்ட சிறுவன், மிஸிஸிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933-இல் பிறந்த டொனால்ட் டிரிப்லெட். நாலு வயது நிறைவதற்கு முன்பே, அக்கால வைத்தியர்களின் யோசனைப்படி, பெற்றோர் அவனை ஒரு காப்பகத்தில் விட்டார்கள். ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின், மனம் பொறாமல், வைத்தியர்கள் தடுத்தும் கேளாமல், வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். வழக்கறிஞரான தந்தை, மகனைப் பற்றித் தாம் கவனித்தவற்றையெல்லாம் 33 பக்கத் தட்டச்சுக் கடிதமாக எழுதிக் கானருக்கு அனுப்பினார். ஆட்டிசத்தைப் பற்றிய மருத்துவ அறிவின் அஸ்திவாரத்தில் ஒரு தகப்பனாரின் அந்தக் கடிதமும் இருக்கிறது என்பதை மருத்துவர்களும் மறந்துவிடலாகாது.

பின்னர் டொனால்டை, ஊருக்குச் சற்றுத் தொலைவில் பண்ணை வைத்திருந்த ஒரு தம்பதியிடம் சில ஆண்டுகள் வாழ விட்டார்கள். அந்தப் பண்ணையாரும் மனைவியும் மனோதத்துவம் படித்தவர்களல்லர். ஆயினும் அவர்கள் செய்த காரியத்தைக் கானரே நேரில் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். சிறுவனுக்கு எதையும் அளந்துகொண்டே இருக்கும் பழக்கம் இருந்தது. அவர்கள் அவனைக் கிணறு தோண்டச் செய்து அதன் ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்த்துவந்தான். அவற்றைப் புதைப்பதற்கென ஓரிடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். சோளக்கொல்லையின் வரிசைகளை ஓயாமல் எண்ணினான். உழுதுகொண்டே எண்ணும்படி ஏரை அவன் கையில் கொடுத்தார்கள். அவனுடைய சுபாவத்தை முறிக்க முயலாமல், அந்தச் சுபாவத்துக்கே ஒரு வேலையைத் தேடிக் கொடுத்த இந்தப் பேரறிவுக்கு ஈடான பாடத்தை நான் எந்தச் சாஸ்திரத்திலும் கண்டதில்லை.

டொனால்ட் வளர்ந்து, 1958-இல் கல்லூரிப் படிப்பை முடித்து, தம் குடும்பத்துக்குப் பங்கிருந்த உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டக் கற்றார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல தேசங்களுக்குப் பிரயாணம் செய்தார். தாய் 1985-இல் காலமான பின்னும், தாம் வளர்ந்த அதே வீட்டில், அதே தெருவில், காலையில் நண்பர்களோடு காப்பி அருந்தும் அதே வழக்கத்தோடு வாழ்ந்து, 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 89-ஆம் வயதில் மறைந்தார். அவரைப் பற்றி விசாரித்தறிய ஜான் டான்வன், கேரன் ஜக்கர் என்ற இரு பத்திரிகையாளர்கள் அவ்வூருக்குச் சென்றபோது, அவருக்கு உங்களால் ஏதேனும் தீங்கு நேர்ந்தால் உங்களைத் தேடிப் பிடிக்க எங்களுக்குத் தெரியும் என்ற பொருள்பட ஊரார் ஒருவர் அல்லர், மூவர் தனித்தனியே எச்சரித்தார்களாம். எங்களுக்குப் பிறகு யார் என்று டொனால்டின் பெற்றோரும் ஒரு காலத்தில் கலங்கியிருப்பார்கள். ஊரே அதற்கு விடையாக இருந்தது.

அவருடைய குடும்பம் செல்வக் குடும்பம். அவருக்கென்று ஓர் அறக்கட்டளை நிதியையே ஏற்படுத்தி வைத்தவர்கள். அவர் வாழ்க்கையை உதாரணமாகக் காட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. வீடும் வேலையும் நிதியும் அந்தக் குடும்பத்தின் செல்வத்தால் வந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே கானர், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின் 1971-இல், தாம் முதலில் எழுதிய பதினொருவரும் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்து எழுதியபோது, அரசாங்கத்தின் பெரிய மனநல விடுதிகளில் சேர்க்கப்பட்டவர்களின் நிலையைக் கண்டு, அது ஆயுள் தண்டனைக்குச் சமமானதாயிற்றென்று மனம் நொந்து எழுதினார். டொனால்டைப் போலவே அவர்களும் பண்ணையிலும் ஊரிலும் வளர்ந்திருந்தால் எவ்வாறு விளங்கியிருப்பார்களோ, யார் சொல்ல முடியும்? ஒரு செல்வர் தம் மகனுக்குச் செய்ததை, செல்வமில்லாத பிள்ளைகளுக்கு அரசும் ஊரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதே அந்த இரண்டு கட்டுரைகளையும் ஒருசேரப் படிக்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

இடையிலே தாய்மாருக்கு நேர்ந்த ஓர் அநியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தாயின் உள்ளத்தில் அன்பு வற்றியதால்தான் பிள்ளை இப்படி ஆயிற்று என்ற கொள்கை மேல்நாட்டில் பல ஆண்டுகள் செல்வாக்கோடு உலவியது. புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூல் அதை ஊரறியப் பரப்பியது. தாமே ஆட்டிசமுள்ள ஒரு பிள்ளையின் தந்தையும் உளவியல் அறிஞருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் அதற்கு முன்பே, 1964-இல், இது பிறப்பிலமைந்த உடற்கூற்று வேறுபாடு என்று வாதிட்டு எழுதியிருந்தார். பின்வந்த ஆராய்ச்சிகள் அவர் பக்கமே நின்றன. ஆயினும் நம் வீடுகளில் அந்தப் பழி இன்னும் ஓயவில்லை. கர்ப்ப காலத்தில் இவள் சரியாகச் சாப்பிடவில்லை, வேலைக்குப் போய்ப் பிள்ளையைத் தொலைக்காட்சியின் முன் உட்கார வைத்தாள், கிரகண நேரத்தில் வெளியே வந்தாள் என்று, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைபவளின் தோள்மீதே குற்றத்தையும் ஏற்றிவைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆட்டிசம் எந்தத் தாயின் குற்றமுமன்று.

இப்போது, நம் ஊரில் அந்தப் பெற்றோர் அஞ்சும் நாள் எப்படி வருகிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். முப்பத்தெட்டு வயதான ஒரு மகன், பேச்சு இல்லை, காலையில் ஒரே தட்டில் நாலு இட்லி, ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து உண்பான், மாலையில் தாயோடு ஒரே தெரு வழியாக நடந்து திரும்புவான். தந்தை முன்பே போய்விட்டார். ஒரு விடியற்காலையில் தாயும் போய்விடுகிறாள். வீடு நிறைய மனிதர்கள், அழுகைக் குரல், வாசலில் பறையொலி, அறிமுகமில்லாத கைகள் தோளைத் தொடுகின்றன. குக்கர் சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்பவன் பின்கட்டில் ஒரு மூலையில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நிற்கிறான். அம்மா ஏன் எழுந்திருக்கவில்லை என்று அவனுக்கு விளங்கும் முறையில் எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. சித்தப்பாவும் அத்தையும் அக்காளும் கூடத்தில் அமர்ந்து, இவனை யார் அழைத்துக்கொண்டு போவது என்று தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். அவர்கள் கெட்டவர்களல்லர், அவரவர்க்கு அவரவர் சிரமம். கடைசியில் யாருக்கோ தெரிந்த ஒரு விடுதி, இருநூறு மைல் தொலைவில், கண்டுபிடிக்கப்படுகிறது. சூழ்நிலை மாறாதிருப்பதையே தன் உயிர்நிலையாகக் கொண்ட ஒரு மனிதன், தாயையும் வீட்டையும் தெருவையும் தட்டையும் பெஞ்சியையும் ஒரே மாதத்தில் இழக்கிறான். புதிய இடத்தில் அவன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டால், 'முரட்டுத்தனம்' என்று குறிப்பெழுதி உறக்க மருந்து கொடுக்கிறார்கள். அது துக்கம் என்று அங்கே யாரும் அறிவதில்லை.

அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்துவிட்டால் பெற்றோரின் அச்சம் இரட்டிப்பாகிறது. எந்த வீட்டிலும் எந்த விடுதியிலும் அவளை நம்பி விட அவர்கள் துணிவதில்லை. அந்த அச்சத்தை மிகையென்று சொல்லும் தகுதி நம்மில் யாருக்கும் இல்லை.

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது தவறு. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைக் குறிப்பிட்டது. அவற்றுள் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலை 21 ஆக விரித்து, ஆறு முதல் பதினெட்டு வயது வரையில் இலவசக் கல்வியையும், அரசு வேலைகளில் மாற்றுத் திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் முதலிய பிரிவினர்க்குச் சேர்த்து 1 சதவீதத்தையும் வகுத்தது. ஆட்டிசத்தை அளவிட 40 வினாக்கள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்றும் உண்டு. 'நிராமயா' என்ற காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையில் மருத்துவச் செலவைத் தாங்குகிறது. முட்டுக்காட்டில் 2005-ஆம் ஆண்டு முதல் பல்வகைக் குறைபாடுடையோருக்கான ஒரு தேசிய நிறுவனமே நடந்துவருகிறது.

ஆனால் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் பெற்றோர் சட்டத்தின் கண்ணில் இயற்கைப் பாதுகாவலர் என்ற ஸ்தானத்தை இழந்துவிடுகிறார்கள். அதன் பின் மாவட்ட ஆட்சியரின் தலைமையிலுள்ள உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வ பாதுகாவலர் என்ற சான்றிதழைப் பெற வேண்டும். வங்கியிலோ பத்திரப் பதிவு அலுவலகத்திலோ கேட்கும்போதுதான் பல குடும்பங்களுக்கு இப்படியொன்று உண்டென்பதே தெரியவருகிறது. பதினெட்டாம் பிறந்த நாளுக்கு முன்பாகவே அரசு தானாக முன்வந்து அந்தக் குடும்பத்துக்கு அறிவிக்கலாமே. அடையாள அட்டை வழங்கிய அலுவலகத்தில் பிறந்த தேதி இருக்கத்தானே செய்கிறது? பாதுகாவலராக நியமிக்கப்படுபவர் அந்த மனிதருக்காகத் தாமே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடாமல், அவருடைய விருப்பத்தை அறிந்து, அவரோடு கலந்து முடிவெடுக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயர்ந்த கருத்து. பேச்சில்லாதவருக்கும் விருப்பம் உண்டு. படங்களைத் தொட்டுக் காட்டிப் பேசச் செய்யும் 'ஆவாஸ்' போன்ற கருவி நம் சென்னையிலேயே உருவானது. அதைப் பழக்கிவிட்டால் எத்தனையோ பேருக்கு வாய் திறக்கும். இவ்வளவும் இருந்தும், சான்றிதழ் ஒரு பாதுகாவலரின் பெயரைத் தரும். தங்குவதற்கு ஒரு வீட்டைத் தராது. இரவில் வலிப்பு வந்தால் பக்கத்தில் இருக்கும் கையைத் தராது.

அண்ணனோ தங்கையோ இருந்தால் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்பது நம் சம்பிரதாயமான பதில். பார்த்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் பத்து வயதுப் பெண்ணிடம், 'நீதான் அண்ணனைக் கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று சொல்லிச் சொல்லி வளர்ப்பதும், அவளுக்கு வரன் பார்க்கும் காலத்தில் அந்த அண்ணனையே பிறர் கண்ணில் படாமல் மறைத்துவைப்பதும் ஒரே வீட்டில் நடக்கின்றன. இரண்டும் அவள்மீது சுமத்தப்படும் கொடுமைகள். உடன்பிறந்தவர் அன்போடு வந்து போகிறவராக இருக்க வேண்டுமேயன்றி, வேறு வழியில்லாத காரணத்தால் கட்டுண்டவராக இருக்கலாகாது.

தொலைவிலுள்ள பெரிய விடுதிகள் என்ற மற்றொரு பதிலும் உண்டு. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓடித் தப்ப வழியின்றி எரிந்து மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களும் தாய் தகப்பன்மாரே, உடன்பிறந்தாரே. வேறு போக்கிடமில்லாமல் விட்டார்கள். அதன் பின் விதிகள் கடுமையாயின என்பது உண்மை. ஆயினும் உற்றாரும் ஊராரும் தினந்தோறும் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் அடைபட்டவரை எந்த விதிதான் முழுமையாகக் காப்பாற்றும்?

ஆகவே நான் வற்புறுத்துவது இது: இல்லம் சிறியதாக இருக்க வேண்டும், சொந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோர் உயிரோடும் திடத்தோடும் இருக்கும்போதே அங்கே பழகத் தொடங்கிவிட வேண்டும். ஐந்தாறு பேர் சேர்ந்து வாழும் ஒரு சாதாரண வீடு, ஒரு சாதாரணத் தெருவில். முதலில் பகலில் இரண்டு மணி நேரம், தாயும் கூடவே. பிறகு முழுப் பகல். பிறகு சனிக்கிழமை இரவு ஒன்று மட்டும். மாதங்கள் செல்லச் செல்ல அந்த வீடும் அவனுடைய வழக்கங்களுள் ஒன்றாகிவிடும். அந்த ஓரிரவில் தாய் பல ஆண்டுகளுக்குப் பின் விழிக்காமல் உறங்குவாள். அவளும் சற்று அதிக காலம் வாழ்வாள். தேசிய அறக்கட்டளையின் ஏடுகளில் வயது வந்தோருக்கான வாழ்நாள் இல்லத்துக்குக் 'கரௌண்டா' என்றும், குடும்பத்துக்கு ஓய்வு தரும் தங்கலுக்குச் 'சமர்த்' என்றும் திட்டங்கள் இல்லாமலில்லை. அவை தாலுகா தோறும் வீடுகளாக எழவில்லை, அதுவே குறை.

சிற்றூர்களில் இது ஆகாது என்பவர்கள் ஆய்க்குடிக்குப் போய்ப் பார்க்கட்டும். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், தென்காசிச் சீமையின் கிராமத்துப் பெண்களையே பணியாளர்களாகப் பயிற்றி, வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் வீட்டு வாசலுக்கே பயிற்சியைக் கொண்டு சேர்க்கிறது. குழந்தைக்கு ஆகும் இந்த ஏற்பாடு பெரியவர்களுக்கு மட்டும் ஏன் ஆகாது? அதே ஊர்ப் பெண்களும் இளைஞர்களும் இந்த இல்லங்களில் வேலை செய்யலாம். அவர்களுக்கு முறையான பயிற்சியும், ஓர் அரசு ஊழியருக்குரிய மதிப்பான சம்பளமும் கிடைக்க வேண்டும். சொற்பக் கூலிக்கு ஆள் வைத்துவிட்டு, அவர்கள் ஆறு மாதத்துக்கொரு முறை மாறிக்கொண்டே இருந்தால், மாற்றத்தைத் தாங்காதவர்களுக்கு அந்த இல்லத்தால் பிரயோஜனமில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கன்னத்தில் அறைந்துகொண்டால் பல்வலி. காதருகே கையைக் கொண்டுபோனால் வலிப்பு வரப்போகிறது. பச்சைத் துண்டைத் தவிர வேறெதாலும் தலை துவட்டக் கூடாது. இன்ன மாத்திரை, இன்ன நேரம், தயிர்ச் சோற்றில் மறைத்துக் கொடுத்தால் உமிழ்ந்துவிடுவான். இந்த ஞானமெல்லாம் ஒரு தாயின் நினைவிலே மட்டும் இருக்கிறது. டொனால்டின் தந்தை 33 பக்கம் எழுதினார். எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும். எழுதத் தெரியாத தாய் சொல்லச் சொல்ல, மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகம் ஆளனுப்பி எழுதிக்கொள்ளட்டும். அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு அவள் இல்லத்துப் பணியாளருக்குத் தன் கையாலேயே செய்து காட்ட வேண்டும்.

இதற்குப் பணம் ஆகும். அரசு ஊழியரின் பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் இருக்கிறது. தனிச் செல்வமுள்ளவர்க்கு வருமான வரியில் கழிவு இருக்கிறது. மாற்றுத் திறனுள்ள பிள்ளையைப் பேணும் தாய்க்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பை மறுப்பது அரசியல் சாசனக் கடமையை மீறுவதாகுமென்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொன்னதும் அரசு வேலையிலிருப்பவளுக்கே பயன்படுகிறது. இட்லிக் கடை வைத்திருப்பவளுக்கும், கட்டட வேலைக்குப் போகிறவனுக்கும், நெசவுத் தறியை விட்டு எழ முடியாதவனுக்கும் இவற்றில் எதுவும் எட்டுவதில்லை. எனவே முதல் இல்லங்கள் அவர்கள் வாழும் ஊர்களில் எழ வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும், அறுபது வயதைக் கடந்த பெற்றோரோடு வாழும் ஆட்டிசமுள்ளவர் எத்தனை பேர் என்று அடையாள அட்டைப் பதிவுகளைக் கொண்டே இவ்வாண்டுக்குள் கணக்கெடுத்து, அவர்களில் தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் எஞ்சியிருக்கும் வீடுகளிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும்.